தொடையைச் சுடும் பின் சிலிண்டர்

வெயில் காலத்தில் பெரிய பைக்கில் நாள் முழுக்கப் போய் வந்தவர்களைக் கேட்டால், முதலில் தொடையைத்தான் காட்டுவார்கள். நெடுஞ்சாலையில் தெரியாத சூடு, சிக்னலில் நின்ற சிறிது நேரத்திலேயே உள்தொடையையும் கணுக்காலையும் வாட்டத் தொடங்கிவிடும்.

காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் பைக் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் 5 லிட்டர் பெட்ரோல் எரியும். ஒரு லிட்டரில் இருப்பது ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல். ஆக, சுமார் 44 கிலோவாட். இதில் கால்வாசியோ சற்றுக் கூடுதலோதான் சக்கரத்தைச் சுழற்றும். மீதி 30 கிலோவாட்டுக்கு மேல் வெப்பமாகப் புகைக்குழாய், ரேடியேட்டர், இன்ஜின் உடல் வழியே வெளியேறும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் முப்பதைக் காலுக்கடியில் வைத்திருப்பதற்குச் சமம் இது. ஓடும்போது எதிர்க்காற்று அதை அள்ளிச் செல்கிறது. நின்றால் எரியும் பெட்ரோல் மிகக் குறைவுதான். ஆனால் காற்றும் நின்றுவிடுகிறது. அதுவரை சூடேறிய உலோகம் காலுக்கருகிலேயே கனன்றுகொண்டிருக்கும்.

ஹார்லி டேவிட்சன் டூரிங் பைக்குகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இரண்டு சிலிண்டர்கள் 45 டிகிரி கோணத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முன் சிலிண்டருக்கு நேர்க்காற்று கிடைக்கும். பின் சிலிண்டர் அதன் மறைவில், ஓட்டுபவரின் தொடைக்கு அருகே இருக்கிறது. அதனால் இன்ஜின் மிகவும் சூடாகி, வண்டி நின்ற நிலையில் ஓடும்போது, பின் சிலிண்டருக்கு எரிபொருள் செல்வதை நிறுத்தும் வசதியை அந்நிறுவனம் சேர்த்தது. எரிப்பு நின்ற சிலிண்டர் வெறும் காற்றை இழுத்து வெளித்தள்ளும். இன்ஜின் சத்தம் திடீரென மாறுவதைக் கேட்டுப் புதியவர்கள் பதறுவார்கள். வண்டியைக் கிளப்பியதும் எல்லாம் பழையபடி ஓடும். 2016இல் அறிமுகமான மில்வாக்கி-எய்ட் இன்ஜினில், மிகச் சூடாகும் வெளியேற்று வால்வுகளைச் சுற்றி எண்ணெயோ கூலண்டோ ஓட வழி செய்தார்கள்.

1975இல் வந்த ஹோண்டா கோல்டு விங்கின் அமைப்பு வேறு. அதன் சிலிண்டர்கள் இருபுறமும் தாழப் படுத்திருப்பதால் தொடைக்கு அவ்வளவு நெருக்கம் இல்லை.

மாசுக் கட்டுப்பாடும் இதில் சேர்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சில நூறு டிகிரி வெப்பத்தில்தான் வேலை செய்யும். அதைக் கழற்றி எறிவது சட்டத்துக்கும் ஊர்க்காற்றுக்கும் கேடு.

ஓட்டுபவர் செய்யக்கூடியவை எளியவை. அரைக்கால் சட்டை வேண்டாம். வெற்றுத்தோல்தான் அனலை நேராக வாங்கும். கெட்டித் துணி ரைடிங் பேன்ட்டும் கணுக்காலை மூடும் பூட்ஸும் அணியுங்கள். நீண்ட சிக்னலில் இன்ஜினை அணைத்துவிடுங்கள். கூலண்ட் அளவைப் பாருங்கள். வழியெல்லாம் தண்ணீர் குடியுங்கள்.

சூட்டைப் பல்லைக் கடித்துத் தாங்குவது ஆபத்து. வெப்பத்தில் களைத்த உடலுக்குக் கவனம் சிதறும். பிரேக் பிடிக்கும் கையும் தாமதிக்கும். ஆகவே டூரிங் பைக் வாங்கப் போகிறவர்கள், காலை நேரக் காலிச் சாலையில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நண்பகலில், நெரிசலில், அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.