நாலுக்கு ஏழு

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருக்கும் இந்திய வம்சாவளியினர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதியைப் பின்னர் பேசிக்கொள்ளலாம். எல்லாம் 15 ஆண்டுகளில் முடிய வேண்டும். நாலு பேர் இங்கே என்றால் ஏழு பேர் அங்கே. யட்டியாந்தோட்டையில் இறப்பர் பால் வெட்டியவரிடமோ இறக்குவானையில் கொழுந்து பறித்தவரிடமோ, எந்த நாடு வேண்டும் என்று அதற்கு முன் எவரும் கேட்கவில்லை.

நேரு இருந்தவரை இந்தியா இதற்கு இணங்கியதில்லை. தாமாக விரும்பி விண்ணப்பிப்பவர்களை மட்டுமே ஏற்போம், மற்றவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது அவருடைய நிலைப்பாடு. அவர் மறைந்து ஐந்தே மாதத்தில் அது தலைகீழானது. சாஸ்திரியின் இளகிய மனத்தைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. சர்வதேச உறவுத் துறையில் ‘யதார்த்தவாதம்’ எனப்படும் சிந்தனைமரபு கைகாட்டுவதோ இமயமலைப் பக்கம்.

1962இல் சீனாவிடம் இந்தியா தோற்றது. அந்த ஆண்டு டிசம்பரில் அணிசேரா நாடுகள் ஆறைக் கொழும்பில் கூட்டிச் சமரசம் பேசியவர் சிறிமாவோ. அடுத்த மாதம் பீக்கிங்குக்கும் டில்லிக்கும் நேரில் போனார். 1964 ஒக்டோபர் 16ஆம் திகதி சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. ஒப்பந்தம் கைச்சாத்தானது அதிலிருந்து சரியாக இரண்டு வாரத்தில். வடக்கே சீனா, மேற்கே பாகிஸ்தான் என்றிருந்த டில்லிக்குத் தெற்கிலாவது ஒரு நண்பன் தேவைப்பட்டான். அந்த நட்புக்கு விலையானவர்கள் தோட்ட மக்கள்.

யதார்த்தவாதிகளின் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊருக்குள் சண்டை வந்தால் பொலிஸ் உண்டு, நீதிமன்றம் உண்டு. நாடுகளுக்கு மேலே அப்படி எந்த அதிகாரமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வலிமை வேண்டும். வலிமை போதாதபோது துணை தேட வேண்டும். இருபத்து நாலு நூற்றாண்டுகளுக்கு முன் மீலோஸ் தீவை ஏதென்ஸ் அழித்ததை எழுதிய துசிடிடீஸ் தொடங்கி, அண்டை அரசைப் பகையாகவும் அதற்கு அப்பாலுள்ள அரசை நட்பாகவும் வைத்து வட்டம் வரைந்த கௌடில்யர் வரை இதற்கு முன்னோடிகள் உண்டு. தன் வலி, மாற்றான் வலி, துணைவலி எல்லாவற்றையும் எடைபோட்டபின் இறங்கு என்கிறது திருக்குறளின் வலியறிதல் அதிகாரமும். இக்காலத்தில் இதைக் கோட்பாடாக வகுத்தவர் ஹான்ஸ் மோர்கென்தோ. அவருடைய நூல் வெளியான 1948ஆம் ஆண்டில்தான் இலங்கையின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது.

அந்தச் சட்டத்தின் பின்னாலும் ஓர் அச்சம் இருந்தது. இந்தியப் பெருங்கடலின் பாதுகாப்பைப் பற்றி 1945இல் எழுதிய கே. எம். பணிக்கர், இலங்கையும் இந்தியாவின் பாதுகாப்பு வளையத்துக்குள் வரவேண்டும் என்ற எண்ணத்தை முன்வைத்தார். டி. எஸ். சேனாநாயக்கா 1947 நவம்பரில் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்து, திருகோணமலையையும் கட்டுநாயக்காவையும் அவர்கள் கையிலேயே விட்டுவைத்தார். பெரிய அயலவனுக்குப் பயந்த சிறிய நாடு தூரத்து வல்லரசின் தோளைப் பிடித்துக்கொள்ளும் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். அயலவனுக்கு அஞ்சிய நாடு, அயலவனின் ஆட்களாகத் தெரிந்தவர்களுக்கும் அஞ்சியது.

ஆனால் எல்லாவற்றையும் வெளியுறவு அச்சத்தின் தலையில் கட்டிவிட முடியாது. கென்னத் வோல்ட்ஸ் 1979இல் வகுத்த யதார்த்தவாதம், ஒரு நாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒதுக்கிவிட்டு நாடுகளுக்கிடையிலான வலிமைப் பங்கீட்டை மட்டும் பார்க்கும். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவையைப் பார்த்தால் அது போதாது என்று விளங்கும். 1947 தேர்தலில் தோட்ட வாக்குகள் மலையகத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஏழு ஆசனங்களைக் கொடுத்தன. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. பிரஜாவுரிமையோடு அந்த வாக்கையும் பறித்ததற்கு அதுவும் காரணம். கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லையின் உறுப்பினரான என். எம். பெரேராவும் அவருடைய சமசமாஜக் கட்சியும் 1948 சட்டத்தை எதிர்த்தனர். 1964இல் அதே பெரேரா, யட்டியாந்தோட்டை உறுப்பினராக, ஒப்பந்தம் செய்த அரசின் நிதியமைச்சர். சிறிமாவோவும் இரத்தினபுரி மாவட்டத்தில் பிறந்தவர்தான். தோட்டங்களை அறியாதவர்கள் செய்த ஒப்பந்தம் அல்ல அது.

அச்சம் கீழ்மட்டத்துக்கும் இறங்கியது. 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி மிகத் தீவிரமாக இருந்த இடங்களில் கேகாலை மாவட்டமும் ஒன்று. அந்த இளைஞர்களுக்கு நடத்தப்பட்ட ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. அதில் லயத்தில் வாழும் கூலித் தொழிலாளி, டில்லியின் கருவியாகக் காட்டப்பட்டார். கிளர்ச்சியை அடக்க வந்த உதவிகளோ வேறு கதை சொல்கின்றன. இந்தியப் படையினர் கட்டுநாயக்கா விமான நிலையத்தைக் காத்தனர். பாகிஸ்தான் ஹெலிகொப்டர் அனுப்பியது. சோவியத் யூனியன் மிக் விமானங்கள் கொடுத்தது. சீனா வட்டியில்லாக் கடன் தந்தது. ஒன்றுக்கொன்று பகையான நாடுகள் ஒரே கொழும்பு அரசைத் தாங்கிப் பிடித்தன. அவற்றுள் எதுவும் இன்னொன்றிடம் அந்தத் தீவை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரையும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டனர். அதே ஆண்டு ஜூனில் கச்சதீவு இலங்கைக்குப் போனது.

இந்தியாவுக்குப் போக விண்ணப்பித்தவர்கள் ஒப்பந்தம் எதிர்பார்த்த தொகையை எட்டவில்லை. மற்றவர்களைப் பசியும் பயமும் தள்ளின. இறப்பர் தோட்டத்தில் விடிந்ததும் மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் இறங்கக் காத்திருந்து சேகரிக்க வேண்டும். மழை பிடித்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. 1973–74இல் அரிசியும் மாவும் தட்டுப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. நுவரெலியாவில் தோட்டத்தை ஒட்டித் தோட்டம் கிடக்கும். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் லயத்தை விட்டு இறங்கினால் சிங்களக் கிராமத்து வயல். நல்ல காலத்தில் அது உறவு. 1977 இன வன்முறையிலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும், சிதறிக் கிடந்த அந்த லயங்களுக்கு ஓடி ஒளியக் காடுதான் இருந்தது. பலர் வவுனியாப் பக்கம் போனார்கள். பலர் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். வழியனுப்ப வந்தவர்களின் ஓலத்தால் அதற்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர் விழுந்தது. அக்கரையில் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களும், இறப்பர் வெட்டத் தெரிந்தவர்களுக்குக் கேரளத்துப் புனலூர், கர்நாடகத்துச் சுள்ளியா போன்ற இடங்களும் காத்திருந்தன.

இரண்டு நாடுகளும் தத்தம் பாதுகாப்பைக் கூட்டிக்கொண்ட அதே ஆண்டுகளில் இந்த மக்களின் பாதுகாப்பு தேய்ந்துகொண்டே போனது. யதார்த்தவாதம் ஒப்பந்தம் ஏன் வந்தது என்பதைத் தெளிவாக விளக்குகிறது. அதனால் அது நியாயமாகிவிடாது. நாட்டை மட்டும் அலகாகக் கொள்ளும் கணக்கில் நாடில்லாதவருக்கு இடமே கிடையாது.

உள்நாட்டுப் போரால் 1984இல் இராமேஸ்வரம் கப்பல் நின்றது. ஆட்களை அனுப்புவதும் நின்றது. 1986 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் தலைமையில் தோட்டத் தொழிலாளர் வேலையை நிறுத்திப் பிரார்த்தனையில் அமர்ந்தபோதுதான் அரசு இறங்கி வந்தது. 1988 சட்டமும், பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றிய 2003 சட்டமும் நாடற்ற நிலையை முடித்தன. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்பவரும் அவருடைய சந்ததியும் பிரஜைகள் என்கிறது 2003 சட்டம். டில்லியில் கைச்சாத்தான அதே திகதி.

2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த நரேந்திர மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். இரண்டு மாதத்தில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் கொடுக்கும் உடன்பாடு கைச்சாத்தானது. வல்லரசுப் போட்டி இம்முறை வீடாக வருகிறது என்றால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வீட்டோடு காணி உறுதியும் வேண்டும். மலையகம் என்றால் நுவரெலியா என்று எண்ணுகிறவர்களின் பட்டியலில் தெரணியகலை, புளத்கொஹுப்பிட்டிய, காவத்தை, பலாங்கொடை லயங்களும் ஏற வேண்டும்.