கேனானா, நிக்கானா? வெளிச்சத்தைக் கேளுங்க!

கேமரா வைத்திருக்கும் இருவர் சேர்ந்தால் போதும், "கேனானா, நிக்கானா" சண்டை ஆரம்பம்தான்! இந்தப் பாசத்துக்குக் காரணம் லென்ஸ். 1959-ல் நிக்கான் கொண்டுவந்த 'எஃப்' மவுண்டில் கேனான் லென்ஸ் நேரடியாக மாட்டாது. நாலு லென்ஸ் வாங்கிட்டா அப்புறம் கம்பெனி மாற மனசு வருமா? 1987-ல் கேனானே 'ஈ.எஃப்.' மவுண்டுக்கு மாறியது. அதன் பழைய லென்ஸ்கள் புது பாடியில் மாட்டவில்லை!

சரி, ஆண்டு விழா மேடையில் விளக்கு மங்கும்போது கம்பெனிப் பெயரா கைகொடுக்கும்? மூன்று கணக்குதான் கைகொடுக்கும்.

அப்பர்ச்சர்: எஃப் 3.5-ஐ விட எஃப் 1.8-ல் ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சம் வரும். அங்கே 1/15 விநாடி என்றால் இங்கே 1/60 போதும்.

ஷட்டர்: 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் 1/50-க்குக் கீழே இறங்காதீங்க. சின்ன சென்சார் என்றால் 1/80. ஆடுகிறவர்களை எடுக்க 1/250-ஆவது வேண்டும்.

ஐ.எஸ்.ஓ.: 100-லிருந்து 1600-க்கு ஏற்றினால் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சமே போதும். படத்தில் புள்ளி தட்டும், பரவாயில்லை. புள்ளியை ஓரளவு குறைக்கலாம். ஆடிப்போன படத்தைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

அசையாத பொருள் என்றால் கேமராவை பெஞ்சில் வைத்து, 2 விநாடி டைமர் போடுங்க.

ஆகவே, புது பாடிக்கு அப்பாவிடம் பணம் கேட்கும் முன், இருக்கிற பாடிக்குப் பொருந்தும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை செகண்ட் ஹேண்டில் விசாரியுங்கள். அவருக்கும் செலவு மிச்சம், உங்களுக்கும் படம் ஷார்ப்!