கயிற்றுச் சாரமும் பச்சை அட்டையும்

குடமுழுக்கு நெருங்கும்போது கோபுரத்துச் சாமிகள் சாரத்துக்குள் மறைந்துவிடுவார்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் 2018-லும், சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் 2023 பிப்ரவரி 12-ஆம் தேதிக்கு முந்தைய மாதங்களிலும் திருப்பணி நடந்தது. சிற்பம் செய்யும் கைகள் இந்தியாவிலிருந்து வருகின்றன. அவர்கள் ஏறி நிற்கும் சாரம் மட்டும் முற்றிலும் சிங்கப்பூருடையது.

தமிழ்நாட்டு ஊர்களில் கோபுரச் சாரம் என்றால் சவுக்குக் கழியும் கயிறும்தான். சிங்கப்பூரின் பழைய கட்டுமானங்களில் அந்த இடத்தில் பக்காவ் கழிகள் இருந்தன, சதுப்புநிலக் காட்டு மரம். சாரம் தாங்குமா என்று பார்க்கத் தனியாக ஆள் வரமாட்டார். கட்டியவரே கழியைத் தட்டி ஓசை கேட்பார், முடிச்சை இழுத்துப் பார்ப்பார், பலகை நடுவில் நின்று ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். கட்டியவரே முதலில் ஏறியதால் அந்தச் சோதனையில் பாசாங்கு இல்லை. ஆனால் ஒரு மனிதரின் எடையைத் தாங்கிய பலகை, நாலு பேரும் சிமெண்ட் சட்டியும் செங்கல் அடுக்கும் ஏறினால் என்ன ஆகும் என்பதை அந்த மிதி சொல்லாது. மழையில் கழியின் அடி மண்ணில் இறங்குவதையும் சொல்லாது. அனுபவம் என்று நாம் போற்றுவதில் பாதி, விழாமல் தப்பிய நாட்களின் கணக்கு.

2004 ஏப்ரல் 20-இல் நிக்கல் நெடுஞ்சாலையில் எம்ஆர்டி சுரங்கப் பள்ளத்தின் தற்காலிகத் தாங்கிகள் சரிந்து நால்வர் இறந்தனர். அது சாரம் அல்ல. ஆனால் வேலை முடிந்ததும் கழற்றப்போகிற அமைப்புதானே என்ற அலட்சியம் அதன் பிறகு எடுபடவில்லை. 2006 மார்ச்சில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது; 2011-இல் சாரத்துக்கென்றே தனி விதிகள். 4 மீட்டருக்கு மேலான சாரத்தை மனிதவள அமைச்சு அங்கீகரித்த ஒப்பந்ததாரர்தான் கட்டலாம். சாரத்துக்கென்று பயிற்சி பெற்ற சூப்பர்வைசர் 7 நாளுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சாரத்தை ஆட்டக்கூடிய காற்று மழைக்குப் பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். சோதனையில் தேறியதற்கு அடையாளமாக ஏறும் வழியில் தொங்கும் பச்சை அட்டையைப் பார்த்துத்தான் இன்று ஊழியர் கால் வைக்கிறார்.

அட்டை நல்லதுதான். ஆனால் அது சோதித்த அன்றைய நிலையைத்தான் சொல்லும். பூச்சு வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒருவர் சுவரோடு பிணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டால், அட்டை பச்சையாகவேதான் தொங்கும். விதிகள் வந்து ஓராண்டு ஆகுமுன், 2012 ஜூலை 18-இல், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் புகிஸில், டௌன்டவுன் எம்ஆர்டி பாதை வேலையிடத்தில் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தபோது தாங்கிநின்ற சாரம் சரிந்தது. சீனாவிலிருந்து வந்த இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். ஈரக் கான்கிரீட்டைப்போலச் சாரத்தைச் சோதிக்கும் எடை வேறில்லை. ஒரு கன மீட்டரே ஏறத்தாழ 2.4 டன்.

பெரிய சாரத்துக்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது என்பது என் எண்ணம். கையால் கட்டிய சாரம் எங்கும் போய்விடவில்லை, கடைவீட்டுக்குள் குடியேறிவிட்டது. தீபாவளிக்கு முன் கூரைக்கு வண்ணம் பூச இரண்டு டிரம், மேலே ஒரு பலகை. மின்விசிறி மாற்ற இரண்டு ஏணிகளுக்குக் குறுக்கே ஒரு கட்டை. 4 மீட்டர் எட்டாததால் ஒப்பந்ததாரர் தேவையில்லை. 2 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் தடுப்பு வேண்டும் என்ற விதி உண்டு. டிரம் பலகை அதற்கும் கீழே நிற்கும். கல் தரையில் தலை மோத அந்த உயரம் தாராளம்.

இங்கே பழைய மேஸ்திரியின் வழக்கமும் புதிய விதியின் கேள்விகளும் சேர்ந்தால்தான் உதவும். டிரம் சமதரையில் நிற்கிறதா, பலகை நடுவில் வெடித்திருக்கிறதா, இரண்டு முனையும் நகராமல் கட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க அரை நிமிடம் போதும். தாங்கியைத் தாண்டி பலகை ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வாளியை எட்டி எடுக்க ஓரத்தில் கால் வைத்ததும் மறுமுனை எழும்பிவிடும்.