5 பேர் எழுதிய ஒரே கதை!

ஒரு கதையை ஒருவர் எழுதுவார். இரண்டு பேர் சேர்ந்து எழுதுவதும் உண்டு. ஒரே கதையை 5 பேர் எழுதினால் எப்படி இருக்கும்?

முதல் ஆள் தொடங்குவார். அவர் விட்ட இடத்தில் இரண்டாவது ஆள் பிடிப்பார். பிறகு மூன்றாவது ஆள், நான்காவது ஆள். கதை எங்கே போய் முடியும் என்று தொடங்கியவருக்கே தெரியாது!

அமெரிக்காவில் 1935-ம் ஆண்டு இப்படி ஒரு மாயக்கதை வெளிவந்தது. ‘அப்பாலிருந்து ஓர் அறைகூவல்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

20 வயது ஆசிரியர்

‘பேன்டசி மேகசின்’ என்று ஒரு சிறு பத்திரிகை. விந்தைக் கதைகளை விரும்பிப் படிக்கும் ரசிகர்களுக்காக அது நடந்து வந்தது. அதன் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ். அப்போது அவருக்கு 20 வயதுதான். (பிற்காலத்தில் சூப்பர்மேன், பேட்மேன் படக்கதைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் இவர்தான்.)

பத்திரிகைக்கு மூன்றாவது ஆண்டு மலர் போட வேண்டும். அதில் புதுமையாக ஏதாவது செய்ய வேண்டும். புகழ் பெற்ற எழுத்தாளர்கள் 5 பேரைப் பிடித்தார், ஷ்வார்ட்ஸ்.

ஐவரும் ஐந்து விதம்.

தொடங்கியவர் ஒரு பெண். பெயர் காதரின் மூர். வயது 24. இண்டியானாபோலிஸ் நகரில் பாங்கியில் வேலை பார்த்தார். கதை எழுதுவது பாங்கிக்காரர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று, முதல் எழுத்துக்களை மட்டும் போட்டு ‘சி. எல். மூர்’ என்று எழுதி வந்தார். படித்தவர்களில் பலர் அவரை ஆண் என்றே நினைத்தார்கள்.

அடுத்தவர் மெரிட். நம் ஞாயிறு மலர் போல அங்கே ‘அமெரிக்கன் வீக்லி’ என்று ஒரு ஞாயிறு இதழ். அதில் உதவி ஆசிரியர். ஐவரில் வயதில் மூத்தவர்.

மூன்றாமவர் லவ்கிராப்ட். பயங்கரக் கதைகளில் பெரிய கை. நான்காமவர் ராபர்ட் ஹோவர்ட். டெக்சாஸ் மாநிலத்துச் சிற்றூர்க்காரர். ‘கோனன்’ என்ற வாள் வீரனைப் படைத்தவர். லவ்கிராப்டும் ஹோவர்டும் பல ஆண்டு பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதிக்கொண்ட நண்பர்கள். ஆனால் ஒரு நாள் கூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை!

ஐந்தாமவர் பிராங்க் பெல்நாப் லாங்.

முதலிலேயே சண்டை!

உண்மையில் லாங் ஐந்தாமவர் அல்ல. அவருக்குக் கிடைத்தது இரண்டாவது இடம். எழுதியும் கொடுத்து விட்டார். அதைப் படித்துப் பார்த்த மெரிட், “கதை தடம் மாறிப் போய்விட்டது. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்” என்று மறுத்து விட்டார்.

மெரிட்டின் பெயர் பெரிய பெயர். ஷ்வார்ட்ஸ் என்ன செய்வார்? லாங் எழுதியதை எடுத்து விட்டார். மூர் விட்ட இடத்திலிருந்து மெரிட் எழுதினார்.

லாங்குக்குக் கோபம் வராதா? “நான் வரவில்லை” என்று ஒதுங்கிக்கொண்டார். நண்பர் லவ்கிராப்ட்தான் சமாதானம் சொல்லி அழைத்து வந்தார். கடைசிப் பகுதி அவருக்குக் கிடைத்தது.

ஒருவர் கதையில் இன்னொருவர் கை வைப்பது என்றால் சும்மாவா?

பூரான் ஆன மனிதன்

இனி கதைக்கு வருவோம்.

கனடா நாட்டுக் காடு. கூடாரத்தில் ஜார்ஜ் காம்ப்பெல் என்பவர் படுத்திருக்கிறார். நள்ளிரவில் ஏதோ பிராணி உணவை உருட்டும் சத்தம். அதை விரட்டக் கல்லைத் தேடுகிறார். கையில் ஒரு பளிங்குக் கல் அகப்படுகிறது. எல்லாப் பக்கமும் சதுரம். உள்ளே ஒரு சிறு வட்டத் தகடு. அதில் புரியாத எழுத்துக்கள்!

இது மூர் எழுதியது. கல் என்ன கல், யார் செய்தது என்று அவர் சொல்லவில்லை. அந்த வேலையை அடுத்தவருக்கு வைத்து விட்டார். நல்ல தொடக்கம் என்றால் இதுதான்.

மெரிட்டின் பகுதியில், காம்ப்பெல் டார்ச் விளக்கை அடித்துக் கல்லை உற்றுப் பார்க்கிறார். அவருடைய உணர்வு கல்லுக்குள் இழுக்கப்படுகிறது.

லவ்கிராப்ட் கையில் கதை வந்ததும் விண்வெளிக்குப் பாய்ந்து விட்டது. ஐந்து பகுதிகளில் இதுதான் நீளமானது. யெகூப் என்ற தூரத்து உலகம். அங்கே புழு போன்ற உயிர்கள் வாழ்கின்றன. அவை இந்தக் கற்களை வானில் வீசுகின்றன. எடுத்துப் பார்ப்பவனின் மனம் அங்கே போய்விடும். அங்குள்ள ஒன்றின் மனம் இங்கே வந்துவிடும். விக்கிரமாதித்தன் கதையில் படித்திருக்கிறோமே, கூடு விட்டுக் கூடு பாய்வது! அதேதான்.

காம்ப்பெல் கண் விழிக்கிறார். தன் உருவத்தைப் பார்க்கிறார். ராட்சதப் பூரான்! மயங்கி விழுகிறார்.

இந்த இடத்தில் கதை ஹோவர்ட் கைக்கு வந்தது. அவருடைய ஆள் மயங்கிக் கிடப்பானா? எழுகிறான்! “பூரான் உடம்பானால் என்ன? புது உடம்பு, புது உலகம்!” என்று துள்ளுகிறான். ஆயுதத்தை எடுக்கிறான். எதிர்த்தவர்களைக் கொல்கிறான். அந்த உலகத்தின் தெய்வத்தையே கைப்பற்றுகிறான்!

முந்திய பக்கத்தில் பயந்து மயங்கியவர் இந்தப் பக்கத்தில் வீராதி வீரன். சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த இடத்தைத்தான் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். லவ்கிராப்டின் மனிதன் உண்மை தெரிந்தால் மயங்குவான். ஹோவர்டின் மனிதன் வாளை எடுப்பான். கடிதத்தில் அவர்கள் செய்து வந்த வாதத்தை இங்கே ஒரே பூரான் உடம்புக்குள் செய்து விட்டார்கள்!

லாங் முடித்து வைத்தார். பூமியில் காம்ப்பெல்லின் உடலுக்குள் வந்த வேற்றுலக மனம் மனித உடலை ஆளத் தெரியாமல் தடுமாறி அழிகிறது. யெகூபிலோ, பூரான் வடிவில் காம்ப்பெல் நல்லாட்சி நடத்துகிறார்.

கதை உயர்ந்த கதையா? இல்லை. ஐந்து நிறத் துணியில் ஒட்டுப் போட்ட சட்டை. எங்கே தையல் என்று குழந்தை கூடக் காட்டிவிடும். 1935 செப்டம்பரில் மலர் வந்தது. அதே தலைப்பில் வேறு ஐவர் எழுதிய விஞ்ஞானக் கதை ஒன்றும் அந்த மலரில் இருந்தது. 1936 ஜூனில் ஹோவர்ட் இறந்தார். வயது 30. 1937 மார்ச்சில் லவ்கிராப்டும் போனார்.

தையல் தெரியாத சட்டை

தொடங்கி வைத்த மூர் என்ன ஆனார்?

1936-ல் அவருக்கு ஒரு ரசிகர் கடிதம் எழுதினார். ஆண் என்று நினைத்து எழுதிய கடிதம்! எழுதியவர் ஹென்றி கட்னர். அவரும் எழுத்தாளர். உண்மை தெரிந்தது. நட்பு வளர்ந்தது. 1940-ல் திருமணம் நடந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்தது தினமும் தொடர்கதைதான். ஒருவர் டைப் அடித்துக்கொண்டிருப்பார். அலுத்ததும் எழுந்து போவார். மற்றவர் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அடிப்பார். இங்கே கோபமும் இல்லை, சமாதானத் தூதும் இல்லை. கதை முடிந்த பின், எந்தப் பகுதி யார் எழுதியது என்று அவர்களுக்கே தெரியாது!

பெயரும் அப்படித்தான். ‘லூயிஸ் பாட்ஜெட்’, ‘லாரன்ஸ் ஓடானல்’ என்று இல்லாத மனிதர்களின் பெயரில் எழுதினார்கள். எதிர்காலத்திலிருந்து வந்த பொம்மைகளை வைத்துக் குழந்தைகள் விளையாடும் கதை ஒன்று 1943-ல் பாட்ஜெட் பெயரில் வந்தது. 2007-ல் அது சினிமாவாகவும் வந்தது.

1958 பிப்ரவரியில் கட்னர் மாரடைப்பால் காலமானார். வயது 42.

மூர் அதற்குப் பிறகு சில ஆண்டுகள் டெலிவிஷனுக்கு எழுதினார். கதை எழுதுவதை ஏறக்குறைய விட்டே விட்டார். 1987-ல் அவரும் மறைந்தார். பாட்ஜெட் கதைகளில் எந்தப் பக்கம் கணவருடையது, எந்தப் பக்கம் மனைவியுடையது என்று ரசிகர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.