குளியலறை மின்பணி: சொந்தமாகச் செய்த பின் சான்றிதழ் பெற முடியுமா?

மைசூரு: குளியலறையில் கீசருக்குப் புதிய இணைப்பு இழுப்பது, பிளக் பாயிண்ட்டை இடம் மாற்றுவது போன்ற பணிகளை வீட்டு உரிமையாளரே செய்து முடித்து, பின்னர் ஆய்வுச் சான்றிதழ் பெற முடியுமா? வீட்டைப் புதுப்பிப்போரிடம் எழும் இக்கேள்விக்கு, நடைமுறையிலுள்ள விதிகள் இடமளிக்கவில்லை என்பதே பதில்.

விதிகள் கூறுவது என்ன?

மத்திய மின்சார ஆணையம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, நுகர்வோரின் கட்டடத்தில் மின் அமைப்பைச் சேர்ப்பது, மாற்றுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலும் இக்கட்டுப்பாடு இருந்தது.

விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை, அமைப்பின் திறனும் தன்மையும் மாறாத வகையில் மாற்றிப் பொருத்துவதற்கு மட்டும் விலக்கு உண்டு. கீசருக்குப் புதிய வயர் இழுப்பது இவ்விலக்கில் அடங்காது.

இங்கிலாந்தில் 2005 முதல் வேறு நடைமுறை உள்ளது. அங்கு உள்ளூர் கட்டட ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, உரிமையாளரே பணியைச் செய்து ஆய்வுக்கு உட்படுத்தலாம்.

சான்று அளிப்பவர் யார்?

பணியை முடித்த ஒப்பந்ததாரரே சோதனை நடத்தி, பணி நிறைவு மற்றும் சோதனை அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். கர்நாடகத்தில் ஒப்பந்ததாரர் உரிமங்கள் மாநில மின் ஆய்வுத் துறையின் பொறுப்பில் உள்ளன. கீசரால் அனுமதிக்கப்பட்ட மின்பளு அளவு கூடுமானால், மைசூரு பகுதிக்கு மின்சாரம் வழங்கும் சாமுண்டேஸ்வரி மின்வழங்கல் கழகத்திடம் (செஸ்க்) கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

சோதனையில் பார்ப்பவை

வயரின் மின்காப்பை 500 வோல்ட் மெக்கர் கருவியால் அளக்கும்போது, குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். எர்த் கம்பி இடையில் அறுபடாமல் தொடர்கிறதா, சுவிட்ச் ஃபேஸ் கம்பியில் உள்ளதா என்பவையும் சோதிக்கப்படும். நியூட்ரல் கம்பியையே எர்த்தாகப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்தானது.

2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். எனவே 6 ஆம்பியர் பிளக் போதாது. 16 ஆம்பியர் பாயிண்ட், தனி எம்சிபி, பொதுவாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஆகியவை தேவை.

எம்சிபி இருந்தால் போதுமா?

போதாது. எம்சிபி அதிக பளுவையும் ஷார்ட் சர்க்யூட்டையும் மட்டுமே தடுக்கும். ஈரமான உடலில் மின்தடை வெகுவாகக் குறைவதால், 1 ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரம் கூட உயிரைப் பறிக்கலாம். அந்த அளவுக்கு 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவியே இதற்கான பாதுகாப்பு. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே செய்துவிட்டால்?

மெயின் சுவிட்சை அணைத்து, அந்த இணைப்பைப் பயன்படுத்தாமல், உரிமம் பெற்றவரிடம் காட்டுவதே வழி. டைல்ஸ் பதித்த பின் சுவருக்குள் உள்ள இணைப்புகளைப் பார்க்க முடியாது. ஆகவே அவர் பழைய வயரை நீக்கிப் புதிதாக அமைக்கக் கோரலாம். டைல்ஸ் பதிக்கும் முன்பே அவரை அழைப்பது செலவைக் குறைக்கும்.

பணியை ஒப்படைக்கும் முன் உரிம எண்ணைச் சரிபார்த்து, சோதனை அறிக்கையின் நகலைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் தொடர்பான புகார்களை 1912 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.