உங்களுக்குத் தெரியுமா? ஓரிரு கடியே போதும்!

நாய் வாலடியையும் பின்தொடையையும் ஓயாமல் கடித்துக்கொண்டே இருந்தால், முதலில் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். அதன் எச்சில் ஒவ்வாத நாய்க்கு ஓரிரு கடியே பல நாள் அரிப்பைத் தரும். உடம்பில் பூச்சி தென்படவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். நாயே நக்கி விழுங்கியிருக்கலாம். வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதியெல்லாம் முட்டை, புழு, கூட்டுப்புழுவாகப் படுக்கையிலும் தரை இடுக்கிலும் கிடக்கும். கூட்டுப்புழு மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும்! ஆகவே விரிப்புகளை வெந்நீரில் துவையுங்கள். வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் மருத்துவரைக் கேட்டு மருந்து கொடுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தை மட்டும் பூனைக்குத் தடவவே கூடாது, உயிருக்கே ஆபத்து.