கோயில் வாசலில் எழுந்த கேள்வி

கடவுள் இல்லை எனக் கொள்வது இறைமறுப்பு. பொதுவாழ்வையும் குடும்ப வாழ்வையும் எந்தச் சமயத்தின் துணையுமின்றி அமைத்துக்கொள்வது சமயச்சார்பற்ற வாழ்வு. இரண்டும் ஒன்றல்ல, கடவுள் நம்பிக்கை உடையவரும் பின்னதை மேற்கொள்ள இயலும்.

இறைமறுப்பாளர் வாதங்களுள் மிகப் பழையது துன்பத்தைப் பற்றியது. எல்லாம் வல்ல, பேரருள் கொண்ட ஒருவர் உலகை நடத்துகிறார் என்றால், குற்றமற்றவர் வதைபடுவது ஏன்? இந்திய மரபு இதற்கு வினைப்பயன் என்னும் விடையைத் தந்தது. முற்பிறவிச் செயலின் விளைவே இப்பிறவியின் நிலை என்பது அதன் பொருள். ஆனால் அந்த விடை, தாழ்த்தப்பட்டவரின் இழிவுக்கு அவரையே பொறுப்பாக்கிவிடுகிறது. 1925ஆம் ஆண்டு ‘குடிஅரசு’ இதழைத் தொடங்கிய பெரியார் ஈ.வெ.ராமசாமியின் எதிர்ப்பு கூர்மை பெற்றது இங்கேதான். அவரது இறைமறுப்பு சாதி மறுப்பிலிருந்து பிரிக்க இயலாதது.

துன்பம் பற்றிய இக்கேள்வியை எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் கொண்டு சேர்த்தவை நாடகமும் திரைப்படமும் ஆகும். அண்ணாவின் நாடகத்திலிருந்து உருவாகி 1949இல் வெளிவந்த ‘வேலைக்காரி’ படத்தில், கடன் கொடுத்த பணக்காரரின் கொடுமையால் தந்தையை இழந்த ஆனந்தன், அதே பணக்காரர் வணங்கும் காளியின் முன் நின்று நியாயம் கேட்கிறான். தத்துவ நூல்கள் பக்கம் பக்கமாக விவரிக்கும் சிக்கல் அங்கே ஓர் ஏழை மகனின் ஆற்றாமையாகவே வெளிப்படுகிறது. நம்பிக்கையாளரும் அவன் பக்கம் நின்றதே அக்கலையின் பெருவெற்றி. கருணாநிதி உரையாடல் எழுதிய ‘பராசக்தி’ (1952) அடுத்த படியாக, கோயிலுக்குள் நிகழும் அத்துமீறலை நீதிமன்றக் கூண்டுவரை கொண்டு சென்றது.

இத்தகைய கலைக்குத் தடையும் வந்தது. இராமாயணத்தை விமர்சித்த நடிகர் எம்.ஆர்.ராதாவின் நாடகம் எழுப்பிய கொந்தளிப்பினிடையே, நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைச் சென்னை மாநில அரசு 1954இல் இயற்றியது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியப் பிரிவுகளை உயர் நீதிமன்றம் 2013இல் நீக்கும்வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், மாற்றுக் கருத்தைச் சொல்ல வந்த கலைஞர்கள் அதன் நிழலிலேயே இயங்க நேர்ந்தது வருந்தத்தக்கது.

கலைக்கு வெளியே, சமயச்சார்பற்ற வாழ்வு என்னும் கொள்கை நடைமுறையில் அடைந்த வடிவம் சுயமரியாதைத் திருமணம். புரோகிதரோ மந்திரமோ இன்றி, சுற்றத்தார் முன்னிலையில் மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்ள, பெண்ணுரிமை பற்றிய சொற்பொழிவு சடங்கின் இடத்தைப் பெற்றது. இத்தகைய திருமணம் செல்லாது என 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் பல குடும்பங்களின் வாரிசுரிமை கேள்விக்குள்ளானது. அண்ணாவின் ஆட்சி 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கியது.